ஓடும் மூங்கிலைத் திருகோணமலை வளவில் வளர்ப்பது

உப்புவெளியில் 15 பேர்ச் வளவில் புது வீடு கட்டிக் குடியேறியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மேற்கு மதிலோரம் கச்சான் காற்றையும், பக்கத்து மாடிவீட்டுப் பார்வையையும் மறைக்க ஓடும் மூங்கில் (நிலத்துக்குக் கீழே தண்டு ஓடிப் பரவும் வகை) நடலாமா? நுவரெலியாவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த இரண்டு கன்றுகள் பையோடு திண்ணையில் இருக்கின்றன. அயலவர்களோ, மூங்கில் அத்திவாரத்தை உடைக்கும், பாம்பு சேரும் என்று எச்சரிக்கிறார்களாம்.

நடலாம். ஆனால் அது பரவாமல் தடுக்கும் எல்லையைப் போட்டுவிட்டு நடுங்கள். முதலில் நடுவோம், ஓடத் தொடங்கினால் பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற எண்ணம் இருந்தால் தயவுசெய்து நடவேண்டாம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: நம்மூரில் இந்த மூங்கில் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீங்கள் ஊற்றுகிற தண்ணீர். இந்த இரண்டையும் விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் கைவேலைதான்.

நம்மவர்களுக்கு மூங்கில் என்றால் கூட்டமாக நிற்பது. "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" வாழச் சொல்லித்தான் மணமக்களை வாழ்த்துகிறோம். வேரோடுவதற்கு அருகம்புல்லையும் சேர்ந்து நிற்பதற்கு மூங்கிலையும் சொன்னவர்கள் பார்த்தது கொத்து மூங்கில். பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையில் நிற்கும் இராட்சத மூங்கில், காடுகளில் உள்ள முள் மூங்கில், வீட்டு வாசல்களில் அழகுக்கு நடும் மஞ்சள் மூங்கில் எல்லாம் அந்த வகைதான். வருடாவருடம் தூர் சற்றுப் பெருக்கும், அவ்வளவுதான். ஓடும் மூங்கில் அப்படியல்ல. மூங்கிலும் புல் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அது நிலத்துக்குக் கீழே காட்டிவிடும். அதன் போக்கு அருகம்புல்லின் போக்கு.

ஆகவே கையிலிருக்கும் கன்று எந்த வகை என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். பையை விலக்கி, ஓரத்து மண்ணை மெதுவாக உதிர்த்துப் பாருங்கள். கொத்து வகையின் நிலத்தடித் தண்டு குட்டையாகத் தடித்து மேல்நோக்கி வளைந்திருக்கும். அதிலிருந்து எழும் கழியைவிட அது பருமன். ஓடும் வகையின் தண்டு கழியைவிட மெலிந்தது, நீண்டது, கிடையாகப் போவது; கணுவுக்குக் கணு ஒரு மொட்டும் சுற்றிலும் சல்லிவேர்களும் இருக்கும்.

அடிக் கணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கி, சில இடங்களில் சாய்ந்து, புடைத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது சீனாவைத் தாயகமாகக் கொண்ட பில்லோஸ்டாக்கிஸ் ஓரியாவாக இருக்கவேண்டும். தூண்டில் தடிக்கும் கைத்தடிக்கும் பேர்போன இனம். ஐயம் தீர இன்னொரு சோதனை செய்யுங்கள். கிளை விட்டிருக்கும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே கழியைச் சுற்றிப் பெருவிரலால் வருடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், நீளவாக்கில், விரல் இறங்கும்படி ஒரு பள்ளம் தட்டுப்படும். அதே கணுவில் கிளைகள் இரண்டு இருக்கும். ஒன்று பெரிது, மற்றது சிறிது. பள்ளமும் இரட்டைக் கிளையும் சேர்ந்திருந்தால் பில்லோஸ்டாக்கிஸ் இனம்தான். கழி முழு உருண்டையாக, கணுவிலிருந்து பல கிளைகள் கொத்தாகக் கிளம்பினால் அது பெரும்பாலும் கொத்து வகை. நிலத்தடித் தண்டும் அதை உறுதிசெய்தால், எல்லை பற்றிக் கீழே சொல்லப்போவதையெல்லாம் விட்டுவிட்டு நிம்மதியாக நடலாம். (கடைகளில் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைத்து விற்கும் "அதிர்ஷ்ட மூங்கில்" மூங்கிலே அல்ல, அது திரசீனா என்ற வேறொரு செடி.)

ஓடும் மூங்கிலின் உயிர் நிலத்தடித் தண்டில் இருக்கிறது. மேலே நிற்கும் கழிகள் சமைத்து அனுப்பும் உணவை அது சேர்த்துவைத்து அடுத்த முளைகளுக்குக் கொடுக்கிறது. முளை மண்ணைத் துளைத்து வரும்போதே தன் இறுதிப் பருமனோடு வருகிறது. ஏறத்தாழ 2 மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் அந்தக் கழி உயரவும் மாட்டாது, பருக்கவும் மாட்டாது. அடுத்த முறை வரும் முளைதான் இன்னும் பருமனாக வரும். நட்ட முதலாண்டில் மேலே எதுவும் நடக்காததுபோல் தெரியும். அதைப் பார்த்துத்தான் பலர் இது சாதுவான செடி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வேலை கீழே நடந்துகொண்டிருக்கும். மூன்றாம் ஆண்டு வாக்கில் எதிர்பாராத இடத்தில் முளை தலைகாட்டும். வருடத்துக்கு 3 முதல் 5 அடி ஓடுவது சாதாரணம். பொருபொருத்த மண்ணும் ஈரமும் கிடைத்தால் 15 அடிகூட ஓடும். அழகுக்காக 1882 இல் அமெரிக்காவின் அலபாமாவுக்குக் கொண்டுபோன இதே இனம் இன்று அங்கே தென்மாநிலங்களின் காட்டோரங்களைப் பிடித்துவைத்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலம் 2013 இல், எல்லை தாண்டும் ஓடும் மூங்கிலுக்கு நட்டவரே பொறுப்பு என்று சட்டம் கொண்டுவந்தது. அயலவர்களின் கவலையை நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி நம் மண்ணும் தண்ணீரும். உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று கடலோரம் முழுக்க மணல். களிமண்ணில் பெரும்பாலும் மேல் 1 அடிக்குள் ஓடும் தண்டு, இளகிய மணலில் இன்னும் கீழேயும் இறங்கும். நமக்கு மழை ஐப்பசி முதல் தை வரை; பிறகு எட்டு மாதம் இடையிடையே ஓரிரு மழையைத் தவிர வறட்சிதான். இந்த வறட்சி ஒரு வகையில் உங்களுக்குத் துணை. காய்ந்த மண்ணில் தண்டின் ஓட்டம் தளர்ந்துவிடும். தண்ணீரை மோப்பம் பிடித்துப் போகும் சக்தி அதற்கு இல்லை. எல்லாப் பக்கமும் நீட்டிப் பார்க்கும், ஈரம் கண்ட பக்கம் தழைக்கும், காய்ந்த பக்கம் நின்றுவிடும். எனவே உங்கள் வளவில் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும் இடங்கள் எவை என்று ஒரு மாலை நேரம் சுற்றிவந்து பாருங்கள்: கிணற்றடி, குளிக்குமிடம், சமையலறைத் தண்ணீர் போகும் வாழைப்பாத்தி, மலசலகூடக் குழி. பாலையூற்றில் ஒரு வளவில் பார்த்தேன், நட்ட இடத்தில் நாலைந்து கழிகள் மஞ்சள் தட்டி நிற்கின்றன. மதிலுக்கு அப்பால், அயல்வீட்டு வாழைகளுக்கு இடையில் பச்சைப் பசேலென்று முளைகள். தண்ணீர் ஊற்றியவர் அயலவர். மூங்கில் அங்கேயே போய்க் குடியிருந்துவிட்டது. கிணற்றிலிருந்தும் குழியிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி நடுங்கள். மூங்கிலுக்கு ஊற்றும் தண்ணீர் பாத்தியை விட்டு வெளியே ஓடாதபடி வரம்பு கட்டுங்கள். பாத்திக்கு வெளியே காய்ந்த நிலம் இருக்கட்டும்.

அத்திவாரம் பற்றிய பயத்துக்குப் பதில்: நல்ல கொங்கிரீட்டை மூங்கில் உடைக்காது. வெடிப்போ இடைவெளியோ இருந்தால் அதனுள் நுழையும், நுழைந்தபின் விரிக்கும். வீட்டு அத்திவாரத்தைவிட மதில்தான் எனக்குக் கவலை. மதில் அத்திவாரம் வழக்கமாக ஆழமில்லாதது. கருங்கல்லுக்கு இடையில் சாந்து சரியாக இறங்காத ஓட்டைகள் இருக்கும். "மதில் இருக்கிறதே" என்று அதை எல்லையாக எண்ணாதீர்கள்.

எல்லைக்கு இரண்டு வழி உண்டு. உங்கள் வளவுக்கு இரண்டையும் கலந்து செய்யச் சொல்வேன். மதில் பக்கம் நீங்கள் அடிக்கடி குனிந்து பார்க்க முடியாது, தாண்டினால் அயலவர் நிலம். எனவே அங்கே நிலத்துக்குள் தடுப்பு வேண்டும். வீட்டுப் பக்கம் நீங்கள் தினமும் நடக்கும் இடம். அங்கே திறந்த கான் போதும்.

தடுப்புக்குச் சிறந்தது உயர் அடர்த்திப் பொலித்தீன் தாள். தடாகங்களின் அடியில் விரிக்கும் வகை, 1.5 மில்லிமீற்றர் தடிப்பு. சாதாரணப் பொலித்தீன் உதவாது; தண்டின் நுனி ஊசியாக, கெட்டியாக இருக்கும், குத்திக்கொண்டு போய்விடும். தகரம் நம் உப்பு மண்ணில் சில வருடங்களில் துருப்பிடித்து ஓட்டையாகும். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளை நிறுத்திப் புதைப்பவர்கள் உண்டு. பொருத்துகள் வாய் திறக்கும், வெட்டும்போது வரும் தூசியும் நெஞ்சுக்குக் கேடு. அதை வேண்டாம் என்றே சொல்வேன். தாளை 30 அங்குல ஆழத்துக்கு இறக்கி, நிலத்துக்கு மேல் 2 அங்குலம் விடுங்கள். மேல்விளிம்பு மூங்கிலை விட்டு வெளிப்பக்கம் சற்றுச் சாயட்டும். அப்போதுதான் வந்து முட்டும் தண்டு கீழே போகாமல் மேல்நோக்கித் திரும்பும், நீங்களும் அதைக் கண்டு வெட்டலாம். தாளின் இரு முனைகளையும் பாத்தியின் பக்கங்களில் மடித்துக் கொண்டுவந்து கானோடு சேருங்கள். தாளுக்கு அருகில், அடிமண்ணை நன்றாக இடித்து இறுக்குங்கள். மேல் 1 அடியை இளக்கமாக விடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மதிலை ஒட்டித் தோண்டாதீர்கள். மணல் நிலத்தில் மதில் அத்திவாரத்துக்குக் கீழே 30 அங்குலக் கிடங்கு வெட்டினால் மணல் சரிந்து மதிலே சாயக்கூடும். 3 அடி தள்ளித் தோண்டுங்கள். அந்த 3 அடி இடைவெளி வீணாகாது. தாண்டி வந்த முளை ஏதும் இருந்தால் அதில் நடந்துபோய்ப் பார்க்கலாம்.

வீட்டுப் பக்கத்துக் கான் 1 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். வெறுமையாக விட்டால் பிள்ளைகள் விழுவார்கள், மழைக்குத் தூர்ந்துபோகும். எனவே வெறும் மணலையோ சருகையோ நிரப்பிவையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, மழை ஓய்ந்ததும் மாசியிலும், மழைக்கு முன் புரட்டாசியிலும், அந்த நிரப்பலைக் கிளறிப் பாருங்கள். குறுக்கே வந்த தண்டுகள் வெளிர்மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று தெரியும். கூரான அலவாங்கால் ஒரே இடியில் துண்டித்து, வெளிப்பக்கம் போன துண்டை இழுத்து எடுத்துவிடுங்கள். மணலில் இது சிரமமில்லாத வேலை. ஆனால் செய்யாமல் விட்ட ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு வேலை வாங்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் ஓடும் மூங்கிலை நிலத்தில் நடவே கூடாது.

கிணற்றுக்கு இறக்கும் கொங்கிரீட் வளையத்தைப் புதைத்து அதனுள் நடுவது நம் ஊரில் எளிதாகச் செய்யக்கூடிய இன்னொரு வழி. ஒற்றை வளையமாக, பொருத்து இல்லாமல் இருக்கட்டும். நிலத்துக்குமேல் ஒரு சாண் நிற்கட்டும். அடி திறந்திருப்பதால் மணலில் கீழாக நழுவ வாய்ப்பு உண்டு என்பதை மறக்கவேண்டாம். பெரிய தொட்டியில் வளர்த்தால், தொட்டியைக் கல்லின்மேல் தூக்கிவையுங்கள், வடிகால் துளை வழியாகவும் தண்டு நிலத்தில் இறங்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து வாளால் அறுத்துப் பிரிக்காவிட்டால் தண்டுகள் சுற்றிச் சுற்றித் தொட்டியையே பிளந்துவிடும்.

நடும் காலம் ஐப்பசித் தொடக்கம். முதல் மழைகள் மண்ணை நனைத்தபின் நட்டால் தை வரை வேர்பிடிக்க அவகாசம் கிடைக்கும். பாத்தி 4 அடி அகலம் இருக்கட்டும், இரண்டு கன்றுகளுக்கும் இடையில் 5 அடி விடுங்கள். மணலோடு மக்கிய மாட்டெருவும் சருகும் தாராளமாகக் கலந்து, பையில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள்; ஆழமாகப் புதைத்தால் அழுகும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும் தாழ்ந்த இடமானால் பாத்தியை ஒரு முழம் உயர்த்துங்கள். மூங்கிலுக்கு ஈரம் பிடிக்கும், தேங்கும் நீர் பிடிக்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நம் கரையைக் கடந்ததுபோல் கார்த்திகை, மார்கழியில் காற்று வரக்கூடும். முற்றிய கழி வளைந்து நிமிரும், புதுக் கன்றுக்கு மட்டும் முட்டுக் கொடுங்கள். இளம் முளையைக் கட்டவோ நிமிர்த்தவோ வேண்டாம், கைபட்டாலே முறியும்.

முளை வரும் காலம் பற்றிக் குளிர்நாட்டுப் புத்தகங்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே குளிர் நீங்கி வசந்தம் வந்ததும் முளை. நமக்கு அப்படியொரு குளிர் கிடையாது. ஈரத்தைப் பார்த்துத்தான் செடி நடந்துகொள்ளும். மலைநாட்டில் கண்ட உயரத்தையும் இங்கே எதிர்பார்க்கவேண்டாம். மாடிப் பார்வையை முழுதாக மறைக்காவிட்டாலும் முற்றத்துக்குப் போதுமான மறைப்பு கிடைக்கும்.

வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான்தான் உண்மையான சோதனை. நீங்கள் மறைப்பு தேடும் மேற்குப் பக்கம்தான் அந்தக் காற்று நேராக அறையும் பக்கம். தண்ணீர் தேவையா என்பதை இலையே சொல்லும். நண்பகலில் இலை நீளவாக்கில் சுருண்டு குழலாகும். அது தன்னைக் காத்துக்கொள்வது, பயப்படவேண்டாம். மாலையில் விரிந்துவிட்டால் சரி. விடிகாலையிலும் சுருண்டே இருந்தால் வேரில் ஈரம் இல்லை, உடனே ஊற்றுங்கள். முதல் வருடம் மணலில் ஒன்றுவிட்ட ஒரு நாளாவது தண்ணீர் வேண்டும். பிறகு வாரம் இரண்டு முறை, மேலால் தெளிக்காமல், ஆழமாக இறங்கும்படி. உப்புவெளிக் கிணறுகள் சில ஆவணி வாக்கில் உவர் தட்டும். உவர்நீரை மூங்கில் தாங்காது. இலை நுனிகள் பழுப்பாகிக் கருகும். அப்படிக் கண்டால் இயன்றவரை குழாய்நீருக்கு மாறுங்கள். மழை வந்ததும் உப்புக் கழுவப்பட்டுப் புது இலை சுத்தமாக வரும்.

பசளை அதிகம் வேண்டாம். மழைக்கு முன் மாட்டெரு, மழை நடுவில் இன்னொரு முறை. உதிரும் இலைகளைக் கூட்டி எரிக்காதீர்கள். அவற்றில் உள்ள சிலிக்கா மூங்கிலுக்கே திரும்பவேண்டியது, வெயிலில் மண்ணையும் மூடிவைக்கும். சருகுக்குள் எலி சேர்ந்தால் எலியைத் தேடிப் பாம்பு வரும் என்பது உண்மைதான். வீட்டை ஒட்டிய ஓரத்தைக் கூட்டித் துப்புரவாக வைத்து, அடர்த்தியைக் குறைத்து அடியில் வெளிச்சம் விழச் செய்தால் அந்தப் பயம் பெருமளவு நீங்கும்.

அடர்த்தி குறைப்பது மூன்றாம் ஆண்டிலிருந்து. கணுக்களுக்குக் கீழே வெள்ளைப் பொடி பூசியதுபோல் இருப்பது இளங்கழி, அதை விடுங்கள். நிறம் மங்கி, பாசி படர்ந்தது முதிர்ந்தது. அதை அடியோடு எடுங்கள். ஒரு வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவேண்டாம். உயரம் போதும் என்றால் கிளை உள்ள கணுவுக்கு மேலே நுனியை நறுக்கலாம், அந்தக் கழி மீண்டும் உயராது.

வெட்டும் இடம் பற்றி இரட்டிப்பாக வலியுறுத்துகிறேன். கணுவுக்கு மேலே நாலு அங்குலம் விட்டு வெட்டினால் அந்த மிச்சம் ஒரு கிண்ணமாகி மழைநீரைப் பிடித்துவைக்கும். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்புக்கு மூங்கில் அடிக்கட்டை பிடித்தமான இடம். 2017 இல் டெங்கால் கிண்ணியா பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். கணுவின் தலையோடு ஒட்டி, தண்ணீர் நிற்கக் குழி இல்லாதபடி அறுங்கள். முன்பே தவறாக வெட்டிய கட்டைகள் இருந்தால் மணல் நிரப்பி மூடிவிடுங்கள்.

எப்படியோ தாண்டிவிட்டால்? முதலில் தாய்ச்செடியோடு உள்ள தொடர்பைத் துண்டியுங்கள். தாண்டிய பக்கத்துக் கழிகளை எல்லாம் நிலமட்டத்தில் வெட்டி, தண்டுகளை மண்வெட்டியால் கிளறி எடுத்தவரை எடுங்கள். மிச்சமானது முளைவிடும், இலை விரியுமுன் வெட்டுங்கள். இலை விரியாவிட்டால் தண்டில் சேர்ந்த உணவு தீர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று ஆண்டு விடாமல் செய்தால் ஒழியும். குடிதண்ணீர்க் கிணறுள்ள மணல் வளவில் களைகொல்லியைக் கையில் எடுக்கவேண்டாம்.

இதெல்லாம் முடியாது என்று தோன்றினால் கொத்து மூங்கிலில் வேலிக்கென்றே வளர்ப்பது பம்பூசா மல்டிபிளெக்ஸ். நெருக்கமாக நட்டால் நல்ல மறைப்பு, எல்லைத் தொல்லை இல்லை. 15 பேர்ச் வளவுக்கு என் முதல் தெரிவு அதுதான்.

திண்ணையில் இருக்கும் கன்றுகளை இந்த ஆவணியில் நிலத்தில் இறக்காதீர்கள். பையைவிடப் பெரிய வாளிக்கு, துளையிட்டு, மாற்றுங்கள். கச்சான் படாத கிழக்குப் பக்கத்தில், காலை வெயில் மட்டும் விழும்படி கல்லின்மேல் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். தடுப்பும் கானும் புரட்டாசி முடிவதற்குள் ஆகிவிட வேண்டும். தோண்டத் தொடங்குமுன் மேற்குப் பக்கத்து அயலவரிடம் போய், என்ன நடப்போகிறீர்கள், எங்கே தடுப்புப் போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர் பக்கம் முளை கண்டால் உடனே உங்களுக்குச் சொல்லவும் கேட்டுக்கொள்ளுங்கள்.